சமபந்தி கண்ட சகோதரன் ஐயப்பன்

வெட்டவெளியில் அடுப்பு மூட்டிப் பலர் கூடி உண்பது எல்லா நாட்டாருக்கும் உள்ள வழக்கம். மேல்நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் கரி மூட்டி, இரும்புக் கம்பித் தட்டின்மேல் இறைச்சியையும் மீனையும் வாட்டி உண்பதை பார்பெக்யூ என்கிறார்கள். நீண்ட கைப்பிடி வைத்த இடுக்கி, இறைச்சித் துண்டுகளைக் கோக்கும் கம்பி, கரி எரிக்கும் தொட்டி என்று அதற்காகவே செய்த சாமான்களை அங்கே கடை கடையாக விற்கிறார்கள். விடுமுறை நாளின் உல்லாசம் அது.

நம் நாட்டு வெட்டவெளிச் சமையலுக்கும் சாமான்கள் குறைவில்லை. தமிழ்நாட்டில் கல்யாணம் என்றால் கொல்லையில் பள்ளம் வெட்டிக் கோட்டை அடுப்பு போடுவார்கள். அண்டாவும் குண்டாவும் ஏறும். ஆள் உயரச் சட்டுவத்தைத் துடுப்புப்போல் பிடித்துக் கிளறுவார்கள். கேரளத்தில் வெண்கல வார்ப்பும் உருளியும் செம்பும் அந்த வேலையைச் செய்கின்றன. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தவர்கள் இந்த வார்ப்புகளைப் பார்த்திருப்பார்கள். ஊர் திரண்டு உண்ணும் அளவு சோறோ பாயசமோ ஆக்கத்தக்க பெரும் பாத்திரங்கள் அங்கே காட்சிப் பொருள்களாக இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வார்ப்பின் கனத்தையும் வேலைப்பாட்டையும் வியக்கலாம். ஆனால் அதில் வெந்த சோறு யார் யார் இலையில் விழுந்தது என்று பாத்திரம் சொல்லாது. அதைச் சொல்லுவது சரித்திரம். பழைய கேரளத்தில் விருந்துச் சமையலுக்குப் பெரும்பாலும் பட்டர் என்று அழைக்கப்பட்ட நம் தமிழ் அந்தணர்களையே வைத்தார்கள். கைப்பக்குவம் ஒரு காரணம். அந்தணர் ஆக்கினால் எந்தச் சாதியாரும் உண்ணலாம் என்பது மற்றொரு காரணம். ஆக்கியவர் ஒருவரானாலும் பந்தி ஒன்றல்ல. இன்னார் இன்ன இடத்தில், இன்னாருக்கு முன், இன்னாருக்குப் பின் என்று இலைக்கு இலை வரையறை உண்டு. வயலில் உழைத்த புலையருக்கோ பந்தியே இல்லை. முற்றத்து மண்ணில் சிறு குழி தோண்டி, அதில் இலையை அழுத்தி, எட்ட நின்று கஞ்சியை ஊற்றிவிட்டுப் போவார்கள். மேல்நாட்டார் விரும்பி வெளியே உண்டார்கள். இங்கே ஒரு கூட்டம் வேறு வழியின்றி வெளியே உண்டது.

அந்தக் குழிக்கும் பந்திக்கும் இடையே இருந்த தூரத்தை ஒரே நாளில் தாண்டிக் காட்டியவர் சகோதரன் ஐயப்பன். கொச்சி நாட்டில் பிறந்து, மட்டாஞ்சேரியிலிருந்து தம் ஏட்டை நடத்திய அப்பெரியாரின் வாழ்க்கை, கேரளத்தில் வாழும் தமிழர்கள் அறிய வேண்டிய ஒன்று.

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

கொச்சித் துறைமுகத்துக்கு வடக்கே நீண்டு கிடக்கும் வைப்பின் தீவின் வட பகுதியில் செராய் என்ற ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல். அங்கே கும்பளத்துப்பறம்பில் என்ற ஈழவர் குடும்பத்தில் 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி ஐயப்பன் பிறந்தார். தந்தை கொச்சாவு வைத்தியர், தாயார் உண்ணூலி. தந்தை சிறு வயதிலேயே காலமானதால் தமையனார் அச்சுதன் வைத்தியரின் பராமரிப்பில் வளர்ந்தார்.

கோழிக்கோடு மலபார் கிறிஸ்துவக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். நோயும் பணமுடையும் படிப்பைத் தடுத்தன. ஸ்ரீநாராயண குரு அந்த இளைஞரிடம் தனி அன்பு வைத்து உதவினார். திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது மகாகவி குமாரன் ஆசானின் நட்பும் கிடைத்தது. 1916ல் பி.ஏ. பட்டத்துடன் ஊர் திரும்பிய ஐயப்பன் செராயில் பள்ளி ஆசிரியர் ஆனார்.

ஈழவர்கள் அந்நாளில் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். பல பள்ளிகளும் பல வீதிகளும் அவர்களுக்கு மூடியே இருந்தன. அந்த நிலையை மாற்றவே குரு தாமே கோயில்களை நிறுவினார். 1912ல் செராயிலும் கௌரீசுவரர் கோயிலை நிறுவினார். முருகனை முதன்மையாகக் கொண்ட அக்கோயிலை மலையாளப் பழனி என்றே மக்கள் அழைக்கிறார்கள். தங்களுக்கென்று ஒரு கோயில் வந்ததில் ஊர் ஈழவர்களுக்குப் பெருமை. ஆனால் மேல் சாதியார் தங்களைத் தள்ளி வைப்பதைக் கண்டித்த அதே மக்கள், தங்களுக்குக் கீழே என்று கருதிய புலையரைத் தள்ளியே வைத்திருந்தார்கள்.

இந்த முரண்பாடுதான் ஐயப்பனை உறுத்தியது. மேலே இருப்பவரிடம் நியாயம் கேட்பவர் முதலில் கீழே இருப்பவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவருடைய வாழ்வு முழுவதற்கும் இதுவே அடிப்படை எனலாம்.

தமிழ்த் துறவிகள் காட்டிய வழி

சேர்ந்து உண்பதால் சாதியை உடைக்கலாம் என்ற எண்ணம் ஐயப்பனுக்கு முன்பே நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் முளைவிட்டிருந்தது. அதை விதைத்தவர்கள் தமிழர்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சாமித்தோப்பில் வாழ்ந்த ஐயா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கப் பொதுக் கிணறு கண்டார். சமபந்தி உணவு நடத்தினார். அவர் சொற்படி வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த குடும்பங்கள் கடற்கரையில் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்டன. அவருக்குப் பின் திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த தமிழ்த் துறவி ஐயாவு சுவாமிகள் (1814–1909) தைப்பூச விருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். ஸ்ரீநாராயண குரு, சட்டம்பி சுவாமிகள், ஐயங்காளி ஆகிய மூவரும் ஐயாவு சுவாமிகளிடம் பழகியவர்கள்.

கொச்சியிலும் நிலம் பண்பட்டே இருந்தது. 1913ல் பண்டிதர் கருப்பன் முயற்சியால் புலையர்கள் எர்ணாகுளம் காயலில் கூட்டம் நடத்தினார்கள். கரையில் கூடினால் தடை வரும் என்று, படகுகளைச் சேர்த்துக் கட்டித் தண்ணீரின்மேல் கூடினார்கள். காயல் சம்மேளனம் என்று அது புகழ் பெற்றது. கால் ஊன்ற நிலம் இல்லாதவர்கள் நீரில் நின்று பேசிய நான்கே ஆண்டுகளில், அவர்களை வீட்டுப் பந்திக்கு அழைக்கும் காலம் வந்தது.

1917 மே 29

அன்று செராயில் துண்டிடப்பறம்பு என்ற இடத்தில் கூட்டம் கூடியது. முன்னதாகவே அழைப்பு வெளியிட்டு எல்லாரும் அறிய நடத்திய கூட்டம் அது. சாதி வேற்றுமையைக் கைவிடுவதென்று கூடியவர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஈழவரும் புலையரும் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். மிச்ரபோஜனம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார் ஐயப்பன். நம் தமிழில் கலப்பு விருந்து, அல்லது சமபந்தி.

விருந்து என்ற சொல்லைக் கேட்டு நாலு வகைப் பாயசமும் அப்பளமும் நினைத்துவிட வேண்டாம். சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த கறியும்தான் அன்றைய சாப்பாடு. இடவப்பாதி மழைக்கு முன் பலா ஓய்கின்ற நாளில் ஏழை வீட்டிலும் எளிதில் கிடைக்கும் பண்டம் அது. ஊரார் அஞ்சியது அந்தக் கறிக்கு அல்ல. பக்கத்து இலையில் அமர்ந்த ஆளுக்குத்தான்.

மறைவில் சாப்பிட்டிருந்தால் ஊர் கண்டும் காணாமல் இருந்திருக்கும். சாதி ஆசாரத்தை இரகசியமாக மீறியவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஐயப்பன் அதை விரும்பவில்லை. அழைப்பு அனுப்பி, நாள் குறித்து, நாலு பேர் பார்க்க நடந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு என்று கருதினார். சாதிக்கு உயிர் கொடுப்பது ஊரின் பார்வை. அந்தப் பார்வை முன்பாகவே அதை உடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஊர் விலக்கு

கணக்கின் மறு பக்கம் உடனே வந்தது. செராய் ஈழவர்களின் விஞ்ஞான வர்த்தினி சபை, விருந்தில் கலந்துகொண்ட குடும்பங்களை விலக்கி வைத்தது. உறவினர் வீட்டு நல்லது கெட்டதுகளில் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. கடல் ஓரத்துச் சிற்றூரில் பரம்பரையாக ஒன்றி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது எத்தனை பெரிய தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை. திருமணம் பேசப் பெண் கிடைக்காது. சாவு வீட்டில் தோள் கொடுக்க ஆள் வராது. ஐயப்பன் பட்டதாரி, வேறு ஊரில் போய்ப் பிழைத்துக்கொள்ள முடியும். அவரை நம்பி இலை முன் அமர்ந்த எளிய குடும்பங்கள் ஊரை விட்டு எங்கே போகும்? ஆயினும் அவர்கள் நின்றார்கள். இந்தச் சரித்திரத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

ஐயப்பனுக்குப் புலையன் ஐயப்பன் என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அவமானம் என்று அவர்கள் எறிந்ததை அவர் விருதாக ஏற்றுக்கொண்டார். அவர் போன இடங்களில் கூட்டங்களைக் கலைத்தார்கள்; உடல் துன்பமும் கொடுத்தார்கள். அவரை நாடு கடத்த வேண்டும் என்று கொச்சி மன்னருக்கு விண்ணப்பமும் போயிற்று. அது நிறைவேறவில்லை.

குரு என்ன சொல்வார் என்று எதிரிகளும் நண்பர்களும் காத்திருந்தார்கள். குருவுக்கு இதில் சம்மதமில்லை என்று சிலர் பரப்பினார்கள். ஐயப்பன் நேரில் சென்று கண்டார். குரு அவரைத் தேற்றி, எதிர்ப்பவர்களிடம் பொறுமை காட்டும்படி அறிவுரை கூறினார் என்பர். பின்னர் தம் கைப்படவே ஒரு செய்தி எழுதிக் கொடுத்தார். மதமும் உடையும் மொழியும் எவ்வாறு வேறுபட்டாலும் மனிதர் அனைவரும் ஒரே சாதியாகையால், ஒருவருக்கொருவர் மணம் செய்துகொள்வதிலும் சேர்ந்து உண்பதிலும் குற்றமில்லை என்பது அதன் கருத்து. 1921ல் வெளியான அச்செய்தி ஐயப்பனுக்குப் பெரும் பலமாக அமைந்தது. முதலில் விலக்கியவர்களில் பலர் நாளடைவில் மனம் மாறினார்கள். கலப்பு விருந்துகள் கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் ஊர் ஊராகப் பரவின.

மட்டாஞ்சேரியில் ஓர் ஏடு

ஒரு வேளைச் சாப்பாட்டால் உலகம் மாறிவிடாது என்பதை ஐயப்பன் அறிந்திருந்தார். அதே 1917ல் சகோதர சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். மட்டாஞ்சேரியிலிருந்து சகோதரன் என்ற ஏட்டையும் தொடங்கினார். அந்த ஏட்டின் பெயரே பின்னர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இத்தகைய ஏடு மட்டாஞ்சேரியிலிருந்து வந்தது பொருத்தமே. மிளகும் சுக்கும் கயிறும் நிறைந்த பண்டகசாலைகளின் ஊர் அது. கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் யூதரும் தமிழரும் மலையாளிகளும் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். வியாபாரத்தில் கை கோத்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் அடுப்பும் தனி. ஒருவர் வீட்டுச் சோறு மற்றவருக்கு ஆகாது. அந்த ஊர்த் தெருக்களிலிருந்து உடன்பிறந்தான் என்ற பெயரோடு ஓர் ஏடு புறப்பட்டது என்றால், அதன் குறிப்பு வாசகர்களுக்கு விளங்காமலா இருந்திருக்கும்?

ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்த ஏடு நடந்தது. சாதி ஒழிப்பு, பெண் கல்வி, தொழிலாளர் உரிமை, மூடநம்பிக்கை ஒழிப்பு ஆகியவை குறித்து அதில் எழுதினார். எளிய நடையில் பாடல்களும் இயற்றினார். தொழிலாளருக்கென்று வேலைக்காரன் என்ற ஏட்டையும் நடத்தினார். 1929ல் பகுத்தறிவு ஏடான யுக்திவாதியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். குருவிடம் எல்லையற்ற பக்தி கொண்டவராயினும், கொள்கையில் தமக்குத் தோன்றியதைச் சொல்லத் தயங்கியதில்லை. மனிதனுக்குச் சாதி ஒன்று என்று குரு உரைத்திருக்க, சாதியோ மதமோ கடவுளோ வேண்டாம் என்று சீடர் கூறினார். அதற்காகக் குரு அவரைத் தள்ளவில்லை. அவரும் குருவை விட்டு விலகவில்லை.

வைக்கமும் சேரன்மாதேவியும்

1924ல் வைக்கம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் மூண்டது. தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. வந்து தலைமை ஏற்றுச் சிறை சென்றதை நம் வாசகர்கள் அறிவர். அந்தக் கிளர்ச்சியிலும் சமையலுக்கு ஓர் இடம் உண்டு. பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வைக்கத்துக்கு வந்து, தொண்டர்களுக்காக லங்கர் என்னும் இலவச உணவுச்சாலை திறந்தார்கள். யார் வந்தாலும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது சீக்கியர்களின் முறை. காந்தியடிகளோ, உள்ளூர் மக்கள் தம் காலிலேயே நிற்க வேண்டும் என்று கருதி வெளியார் உதவியை ஏற்கவில்லை. உணவுச்சாலை மூடப்பட்டது. வைக்கத்தில் ஐயப்பனும் ஆதரவாக உழைத்தார்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தில் ஒரு பந்தி பெரும் புயலைக் கிளப்பியது. தேசபக்தர் வ.வே.சு. ஐயர் 1922ல் தொடங்கிய குருகுலம் அது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியாக உணவு தரப்பட்ட செய்தி வெளியாயிற்று. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கடுமையாக எதிர்த்தார்கள். காங்கிரசில் பிளவு உண்டாயிற்று. மனம் நொந்த ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் உயிர் இழந்தார். நாட்டுக்காக உயிரையே பணயம் வைத்த வீரர் அவர். அப்பேர்ப்பட்டவர் நடத்திய இடத்திலும் இரண்டு இலைகளைச் சேர்த்துப் போட முடியவில்லை. செராயில் ஓர் இளம் ஆசிரியர் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய செயலின் அருமை இதை ஒப்பிட்டால் புரியும்.

சட்டசபையும் பதவியும்

1928ல் ஐயப்பன் கொச்சி சட்டசபை உறுப்பினர் ஆனார். பல ஆண்டுகள் அங்கே ஒடுக்கப்பட்டவர்களுக்காக வாதாடினார். 1946ல் கொச்சியில் மக்கள் பிரதிநிதிகள் கொண்ட அமைச்சரவை ஏற்பட்டபோது அமைச்சர்களில் ஒருவரானார். 1949ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பிறகும் சிறிது காலம் அமைச்சராக இருந்தார். பதவி அவரைப் பிடித்து வைக்கவில்லை. விலகி வந்து எழுத்தையும் தொண்டையும் தொடர்ந்தார். திருவிதாங்கூரில் 1936ல் திறந்த கோயில் கதவுகள் கொச்சியில் திறக்க மேலும் 11 ஆண்டுகள் ஆயின. அதையும் அவர் கண்ணால் கண்டார்.

இல்வாழ்க்கையிலும் கொள்கையைக் கடைப்பிடித்தார். துணைவியார் பார்வதி ஐயப்பன் கல்வி கற்ற, துணிவுள்ள அம்மையார். பெண்கள் முன்னேற்றத்துக்காக ஆலுவாய் அருகே தோட்டுமுகத்தில் ஸ்ரீநாராயண சேவிகா சமாஜத்தை உருவாக்கியவர். தம் மகளுக்கு ஆயிஷா என்று பெயர் வைத்தார் ஐயப்பன். பெயரைக் கொண்டே மதத்தையும் சாதியையும் கண்டுபிடிக்கும் நாட்டில், அந்த ஒரு பெயர் ஒரு பிரசங்கத்துக்குச் சமம்.

1968ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் தேதி, தம் 78ஆம் வயதில் சகோதரன் ஐயப்பன் காலமானார்.

நினைவில் நிற்பது

செராயில் அவர் பிறந்த வீடு நினைவகமாகப் போற்றப்படுகிறது. 2017ல் மிச்ரபோஜனத்தின் நூற்றாண்டு கேரளத்தில் கொண்டாடப்பட்டது. எர்ணாகுளத்தில் வைற்றில செல்லும் எஸ்.ஏ. ரோட்டில் தமிழர்கள் நித்தம் போய் வருகிறார்கள். அந்த இரண்டு எழுத்துகளும் சகோதரன் ஐயப்பன் என்பதன் சுருக்கமே. பலருக்கு இது தெரியாது.

இன்று கேரளத்துக் கல்யாண மண்டபங்களில் யாரும் யாருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அடுத்த இலைக்காரர் யார் என்று கேட்பது மரியாதையாகாது. மட்டாஞ்சேரியில் பிரியாணிச் செம்பைத் திறந்தால் எல்லாத் தெருவினரும் கூடுகிறார்கள். மாலையில் நண்பர்கள் கூடிக் கரியடுப்பில் மீன் வாட்டினால் முதல் துண்டு யாருக்கு என்பதே அங்கே வழக்கு. இவையெல்லாம் தாமாக வந்த சுகங்கள் என்று இளைய தலைமுறை எண்ணக்கூடும். சோறும் பலாக்கொட்டைக் கறியும் உண்டதற்காக உற்றாரை இழந்த சில குடும்பங்கள் கொடுத்த விலையில் வந்தவை இவை.

சாதி இன்னும் எங்கும் ஒழிந்துவிடவில்லை. பள்ளிச் சத்துணவை இன்னார் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளை உண்ண விடாத பெற்றோரைப் பற்றிய செய்திகள் நம் தமிழ்நாட்டிலிருந்தே அவ்வப்போது வருகின்றன. அடுப்பு, பாத்திரம், கரண்டி எல்லாம் புதிதாகிவிட்டன. இலை போடும் மனம் புதிதாக வேண்டுமானால் சகோதரன் ஐயப்பனின் வாழ்க்கையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.